உறங்குவோர் முகத்தில் ஒரு கவசம்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றை ஆக்கியோரின் வரலாற்றையே பெரும்பாலும் எழுதிவந்துள்ளனர். ஒரு பொறி முதன்முறையாக இயங்கிய நாள் நினைவில் நிறுத்தப்படுகின்றது. அப்பொறியோடு நாள்தோறும் வாழவேண்டியவர்கள் அதனை எவ்வாறு ஏற்றனர், எங்கே மறுத்தனர், அம்மறுப்பு பொறியை எவ்வாறு மாற்றியது என்பன இறுதிப் பக்கத்தில் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றன. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கென 1980 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே தோன்றிய வளியமுக்கப் பொறி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மருத்துவ உலகில் ‘சீபாப்’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இப்பொறி ஒரே இரவில் தன் பயனை நிலைநாட்டியது. மனிதர் அதனை முகத்தில் அணிந்து உறங்கப் பழகிய கதையோ நான்கு தசாப்தங்களைக் கடந்தும் முடிவுறவில்லை. அக்கதையை ஊன்றி நோக்குமிடத்து, பழகமுடியாதோர் மீது சுமத்தப்பட்ட குற்றத்தில் ஒரு பெரும்பங்கு பொறியின் மீதும், அவர்களை அளந்த அளவுகோலின் மீதும் சுமத்தப்படவேண்டியது என்பது புலனாகும்.

மிகையான உறக்கம் நெடுங்காலமாக நகைப்புக்குரிய பொருளாகவே இருந்துவந்தது. இராமாயண மரபிலே கும்பகர்ணனை எழுப்பச் சென்றோர் அவனது மூச்சுக்காற்றினாலேயே தள்ளுண்டனர் என்பர். வீட்டில் பகற்பொழுதில் உறங்கிவழிபவனுக்கு அவன் பெயரைச் சூட்டி நகையாடுவது இன்றும் வழக்கிலுள்ளது. ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37 ஆம் ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பிக்விக் பேப்பர்ஸ்’ என்னும் நாவலிலே ஜோ என்னும் பருத்த சிறுவன் வருகின்றான். உணவு பரிமாறும்போதும் உறங்குவான். ஏவிய வேலைக்குச் சென்று வாசலில் நின்றபடியேயும் உறங்குவான். வாசகர் சிரித்தனர். அச்சிரிப்பின் நிழல் மருத்துவத்தின் மீதும் விழுந்தது. 1956 ஆம் ஆண்டில் பர்வெல் என்பாரும் அவரது சகாக்களும், உடற்பருமனும் பகலுறக்கமும் ஒருங்கே வாய்ந்த நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதியபோது, அந்நாவலை நினைந்தே நோய்க்குப் பிக்விக்கின் பெயரை இட்டனர். அந்நோயாளர் வாரந்தோறும் சீட்டாடுபவர். ஒருநாள் கையில் மூன்று ஏசும் இரண்டு கிங்கும் வந்து சேர்ந்திருக்க, அவர் அவ்வாறே உறங்கிப்போனார்; ஆதாயம் கைநழுவியது. அதன் பின்னரே அவர் வைத்தியசாலையை நாடினார். அவ்வறிக்கை பகலிலே அவரை நுணுகி ஆராய்ந்தது. குருதியிற் சேர்ந்த காபனீரொட்சைட்டே உறக்கத்துக்குக் காரணம் எனக் கொண்டது. இரவிலே அவருக்கு என்ன நேர்கின்றது என்பதை எவரும் உடனிருந்து பார்த்திலர்.

இரவிலே பார்த்தவர்கள் ஐரோப்பியர். 1965 ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோவும் சகாக்களும், ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் யுங், கூலோ ஆகியோரும், ஒருவரையொருவர் சாராது, உறங்குவோரின் மூளை அலைகளையும் மூச்சையும் ஒருசேரப் பதிவுசெய்து உண்மையைக் கண்டனர். விழித்திருக்கும்போது தொண்டையைத் திறந்துவைத்திருக்கும் தசைகள் உறக்கத்தில் தளர்கின்றன. சிலரிடத்து நாவின் அடிப்பகுதியும் மென்னண்ணமும் பின்சரிந்து வழியை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சிழுக்க முயல்கின்றது, காற்று செல்வதில்லை. குருதியில் ஒட்சிசன் குறைய, மூளை கணப்பொழுது விழித்துக்கொள்ள, உரத்த குறட்டையோடு வழி திறக்கின்றது. மறுபடியும் உறக்கம், மறுபடியும் அடைப்பு. கடுமையான நோயாளரிடத்து இது மணித்தியாலத்துக்குப் பல பத்துத் தடவைகள் நிகழும். உறங்குபவருக்கு இவற்றுள் ஒன்றேனும் நினைவில் நிற்பதில்லை. அருகிற் படுத்திருக்கும் மனைவியே இருளில் விழித்திருந்து, நின்றுபோன மூச்சு மீளும்வரை எண்ணிக்கொண்டிருப்பவள். நோயின் முதற் சாட்சி அவளே எனினும், நீண்டகாலம் அவள் கூற்று குறட்டை பற்றிய இல்லாளின் முறைப்பாடாகவே கொள்ளப்பட்டது.

நோய் விளங்கிற்று, மருந்தோ கொடுமையானதாயிருந்தது. அடைப்பு தொண்டையில் உள்ளதாயின் அதற்குக் கீழே வாதனாளியில் துளையிட்டு மூச்சுக்கு வேறு வாயில் அமைத்தல் என்பதே வழி. கூலோவும் சகாக்களும் 1969 ஆம் ஆண்டில் இதனை அறிவித்தனர். இத்தாலியின் பொலோஞாவில் லுகறேசியும், கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கில்லமினோவும் 1970களில் நோயின் இயல்பை விரிவாக ஆராய்ந்தனர். சிகிச்சை மட்டும் கழுத்துத் துளையாகவே இருந்துவந்தது. பகலில் அதனை அடைத்துக்கொண்டு பேசலாம். இரவில் திறந்துகொண்டு உறங்கலாம். துளையைத் துப்புரவு செய்தல், கிருமித் தொற்று, கழுத்தை மறைக்கும் உடை, நீரில் இறங்கமுடியாமை ஆகிய யாவும் வாழ்நாட் சுமைகள். ஆயினும் பல ஆண்டுகளாகச் செவ்வனே உறங்காதவர் துளையிட்ட சில நாள்களிலேயே புதுமனிதராக எழுந்தமையால், மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். பின்னர் வந்த பொறியை மதிப்பிடுவோர் இத்துளையை மறத்தலாகாது.

அமுக்கமூட்டிய காற்றால் மூச்சுக்கு உதவலாம் என்ற கருத்து புதியதன்று. இலண்டனில் பூல்ற்றன் என்னும் வைத்தியர் 1936 ஆம் ஆண்டிலேயே, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் சேர்ந்தோருக்கு முகக்கவசத்தின் வழியாக அமுக்கக் காற்றைச் செலுத்தினார். தூசி உறிஞ்சும் வீட்டுப் பொறியொன்றே அவருக்குக் காற்று வழங்கியது. 1971 ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கிறெகரியும் சகாக்களும் குறைமாதக் குழந்தைகளின் சுருங்கிய நுரையீரலை இவ்வழியால் விரித்துவைத்து உயிர் காத்தனர். இவர்கள் கருதியது நுரையீரலையே. தொண்டையை எவரும் கருதிற்றிலர்.

கருதியவர் கொலின் சலிவன். சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவர், கனடாவின் ரொறன்ரோவில் பிலிப்சனுடன் சேர்ந்து உறங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்துவிட்டு நாடு திரும்பியவர். 1980 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், கழுத்துத் துளை பரிந்துரைக்கப்பட்ட கட்டடத் தொழிலாளி ஒருவர், அதனை விரும்பாது, ஓர் இரவு பரிசோதனைக்கு உடன்பட்டார். தூசி உறிஞ்சும் பொறியின் மோட்டரைத் திருப்பி, உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதும்படி செய்து, அதன் காற்றை அவரது மூக்கினுட் செலுத்தினர். அமுக்கத்தைக் கூட்டியதும் அடைப்பு நீங்கி மூச்சு சீரானது. குறைத்ததும் மீண்டும் அடைத்தது. தற்செயல் என்னும் ஐயம் எழாதவாறு இதனைத் திரும்பத்திரும்பச் செய்து பார்த்தனர். பின்னர் அவரை உறங்கவிட்டனர். ஆண்டுக்கணக்கில் அறிந்திராத ஆழ்ந்த உறக்கத்தில் அவர் ஆழ்ந்தார். காலையில் தெளிவோடு எழுந்தார்.

ஐந்து நோயாளரைப் பற்றிய அறிக்கையைச் சலிவன், இசா, பேர்தன் ஜோன்ஸ், ஈவ்ஸ் ஆகியோர் 1981 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ‘லான்செற்’ ஏட்டில் வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய அமுக்கம் 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் நீர்நிரல். பத்துச் சென்ரிமீற்றர் என்பது வளிமண்டல அமுக்கத்தில் நூற்றிலொரு பங்களவேயாம். முறிந்த எலும்பை மட்டை வைத்துத் தாங்குவது போல, தளர்ந்த தொண்டையைக் காற்று உள்ளிருந்து தாங்குகின்றது என அவர்கள் விளக்கினர். வெட்டுமில்லை, மருந்துமில்லை. கவசத்தைக் கழற்றிய மறுகணம் நோய் மீளும் என்பதும் அவ்வறிக்கையின் உட்கிடையாம். ஆகவே இச்சிகிச்சை ஓரிரவோடு முடிவதன்று. இனிவரும் இரவுகள் யாவும் அதற்குரியவை.

வரலாற்றாசிரியர் பலர் இவ்விடத்தில் எழுதுகோலை வைத்துவிடுகின்றனர். அத்தொழிலாளி போன்றோர் அதன்பின் வீட்டில் எவ்வாறு உறங்கினர்?

ஆரம்பத்தில் வாங்கத்தக்க கவசம் என ஒன்று இருந்ததில்லை. ஒவ்வொருவர் மூக்கையும் சாந்து கொண்டு அச்செடுத்து, அவ்வச்சின் மீது கண்ணாடியிழையால் அவருக்கெனவே கவசம் வார்த்தனர். காற்றுக் கசியாதிருக்க, அதனை ஒவ்வோர் இரவும் சிலிக்கோன் பசையால் முகத்தில் ஒட்டவேண்டும், காலையில் உரித்தெடுக்கவேண்டும். பொறியின் ஓசையோ வீடு துடைக்கும் பொறியின் ஓசையேயாம். இத்தனைக்கும் நடுவே சிட்னியில் முதன்முதலாக இதனைப் பெற்றோர் விடாது உறங்கினர் என்பது வியப்புக்குரியதாகத் தோன்றலாம். அவர்களது நிலையை எண்ணின் வியப்பு அடங்கும். அவர்கள் நோய் மிகக் கடுமையானவர்கள். வாகனம் ஓட்டும்போதும் தொழிலிடத்திலும் உறங்கி விழுந்தவர்கள். மறுத்தால் எஞ்சுவது கழுத்துத் துளை. மனிதர் எவரும் இப்பொறிக்குப் பழகுவர் என்ற நம்பிக்கையை மருத்துவ உலகு இந்தச் சிறு குழுவினரிடமிருந்தே பெற்றது. பிற்காலத்து ஏமாற்றத்தின் வித்து இங்கேயே இடப்பட்டது எனலாம்.

பின்னர் பொறி வணிகப் பொருளாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் இறெஸ்பிறோனிக்ஸ் நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சிட்னிக் கண்டுபிடிப்பை அடியொற்றிப் பீற்றர் பரெல் 1989 ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் இறெஸ்மெட் என்னும் பெயரோடு உலகெங்கும் பரவியது. பசை போய், வாரிட்டுக் கட்டும் மென்மையான கவசம் வந்தது. 1993 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடந்த ஆய்வு, நடுவயதினரில் ஆடவருள் நூற்றுக்கு 4 பேரும் பெண்டிருள் 2 பேரும் பகலுறக்கத்தோடு கூடிய இந்நோய் உடையர் என்று காட்டியதும், நோயாளர் தொகை பெருகியது. இப்புதியவர்களிற் பலர் சிட்னியின் முதற் குழுவினரைப் போன்று மரணத்தின் விளிம்பிலிருந்து வந்தவரல்லர். சிறிது களைப்பு, சிறிது மறதி, மனைவியின் முறைப்பாடு ஆகியவற்றோடு வந்தவர்கள். அவர்களது முகத்தில் அதே கவசம் ஏறியது.

அதனை அணிந்து உறங்குதல் எத்தகைய செயல் என்பதை ஈண்டு விரித்துரைத்தல் தகும். மூச்சை உள்ளிழுத்தல் இலகுவாகின்றது. வெளிவிடுதலோ எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டே நிகழவேண்டியுள்ளது. பிறந்த நாள் முதலாக நினையாது செய்துவந்த தொழிலை நினைந்து செய்யவேண்டிய நிலை. நினைப்பு உள்ளவரை உறக்கம் வாராது. சிலருக்கு முகம் மூடப்பட்டதும் நெஞ்சு படபடக்கின்றது. காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கின்றது. கசிவை நிறுத்த வாரை இறுக்கினால் மெத்தை கோணலாகிக் கசிவு கூடுவதோடு மூக்கந்தண்டில் புண்ணும் உண்டாகின்றது. வாய் திறந்தால் காற்று அவ்வழியே ஓடி நாவை வறட்டுகின்றது. விழுங்கிய காற்றால் வயிறு ஊதுகின்றது. படுக்கையில் அருகிலிருப்பவரை நோக்கி முகந்திருப்பவும் நாணுவோர் உளர்.

இவற்றுள் மூக்கடைப்பின் கதை தனித்து நோக்கற்பாலது. பொறியை அணிந்ததும் மூக்கு அடைத்துக்கொள்கின்றது என்று நோயாளர் சொல்லிவந்தனர். அஃது அவர்களது ஒவ்வாமை, அல்லது மனத்தின் மறுப்பு எனக் கருதும் போக்கும் இருந்தது. 1996 ஆம் ஆண்டில் சலிவன் குழுவினரே ஆராய்ந்து, வாய்வழியே காற்றுக் கசியும்போது மூக்கினுள் குளிர்ந்த உலர்காற்று ஒருதிசையாக ஓடி, மூக்கின் உட்சவ்வை வீங்கச் செய்து தடையைப் பெருக்குகின்றது என்பதை அளந்து காட்டினர். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தினால் அத்தடை பெருமளவு தவிர்க்கப்பட்டது. பொறியோடு நீர்த்தொட்டி இணைக்கும் வழக்கம் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. நோயாளரின் பிடிவாதம் எனப்பட்டது பொறியின் குறையாக முடிந்தது. அமுக்கத்தைச் சிறிதாகத் தொடங்கி மெல்லமெல்ல உயர்த்தும் ஏற்பாடும், வெளிவிடும்போது அமுக்கத்தைத் தணிக்கும் பொறிகளும் இவ்வாறே முறைப்பாடுகளிலிருந்து பிறந்தவையாம்.

பழக்கும் முறையும் காலப்போக்கிலே உருவாயிற்று. முதலிற் பகலில், விழித்திருக்கும்போது, கவசத்தைக் கையாற் சில நிமிடங்கள் முகத்தோடு சேர்த்துப் பிடித்தல், பின்னர் வாரைப் பூட்டிக் காற்றையும் செலுத்தி, வாசித்துக்கொண்டோ வானொலி கேட்டுக்கொண்டோ இருத்தல், அதன்பின் பகற்றுயில், ஈற்றில் இரவு. எளிய முறையே. எனினும் அருகிருந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். பொறியைப் பெட்டியோடு கொடுத்தனுப்பிய இடங்களில் இது பெரும்பாலும் நிகழவில்லை.

1993 ஆம் ஆண்டுக்குரிய மற்றோர் ஆய்வு இவ்வரலாற்றின் போக்கையே மாற்றியது. ஐக்கிய அமெரிக்காவில் கிறிப்ஸ் என்பாரும் சகாக்களும் 35 நோயாளரின் பொறிகளில், அவர்கள் அறியாவண்ணம், நுண்கருவியொன்றைப் பொருத்தினர். கவசத்தில் அமுக்கம் உண்மையாக எத்தனை மணித்தியாலம் நிலைத்தது என்பதை அது குறித்துக்கொண்டது. நாள்தோறும் அணிவதாக நூற்றுக்கு 60 பேர் சொல்லினர். நூற்றுக்கு 70 நாள்களிலேனும் நான்கு மணித்தியாலம் அணிந்தோரை ஒழுங்காக அணிவோர் எனக் கொண்டபோது, அத்தகையோர் 16 பேரே, அதாவது நூற்றுக்கு 46 பேரே.

இவ்வெண் மருத்துவரிடையே அதிர்ச்சியை விளைவித்தது. ஆயின், நான்கு மணித்தியாலம் என்ற எல்லை எங்கிருந்து வந்தது? அது நோயிலிருந்தோ தொண்டையிலிருந்தோ வந்ததன்று. 35 பேரை இரு கூறாக வகுத்து நோக்குவதற்கு ஆய்வாளர் கொண்ட வசதியான கோடு அது. அக்கோடு பதினைந்து ஆண்டுகளில் விதியாயிற்று. 2008 ஆம் ஆண்டில், முதியோருக்கான அமெரிக்க அரச காப்புறுதித் திட்டமாகிய மெடிக்கெயார், முதல் மூன்று மாதங்களுள் தொடர்ச்சியான 30 நாள்களில் 70 சதவீத இரவுகளிலேனும் நான்கு மணித்தியாலம் அணிந்தோருக்கே பொறியின் செலவைத் தொடர்ந்து ஏற்பதென வகுத்தது. மூன்றரை மணித்தியாலம் முயன்றவர் தோற்றவர்; நான்கு மணித்தியாலத்தோடு கழற்றி எறிந்தவர் வென்றவர். 2007 ஆம் ஆண்டில் வீவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வோ, ஒரே எல்லை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை முன்னரே காட்டியிருந்தது. தாமே உணரும் உறக்கச்சோர்வு குறைய நான்கு மணித்தியாலம் அளவும், கருவியால் அளக்கப்படும் சோர்வு குறைய ஆறு அளவும், அன்றாடச் செயற்றிறன் மீள ஏழரை அளவும் அதில் எல்லைகளாகத் தென்பட்டன. அவற்றுக்குக் குறைவான பயன்பாட்டிலும் நன்மையடைந்தோர் பலர்.

அதே வீவர் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, விடாது அணிவோரும் விட்டுவிட்டு அணிவோரும் நான்காம் நாளளவிலேயே வேறுபடத் தொடங்குகின்றனர் எனக் கண்டது. உதவி தேவைப்படுவது முதல் வாரத்தில். கணக்குக் கேட்கப்படுவதோ மூன்றாம் மாதத்தில். இம்முரண்பாடு நிருவாக வசதி ஒன்றாலன்றி விளக்கத்தக்கதன்று. கருவி எண்ணுவது மணித்தியாலத்தை மட்டுமே. அந்த மணித்தியாலங்களுள் ஒருவர் உறங்கினாரா, கவசத்தோடு கூரையைப் பார்த்துக்கிடந்தாரா என்பது அதன் கணக்கில் இல்லை.

இவ்வெண்களின் பாரம் பெரிய ஆய்வுகளையும் அழுத்தியது. 2016 ஆம் ஆண்டில் வெளியான ‘சேவ்’ என்னும் பன்னாட்டு ஆய்வு, முன்னரே இதய அல்லது மூளைக் குருதிக்கலன் நோயுற்ற 2,717 பேரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து, இப்பொறியால் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியன குறையவில்லை என முடிவு கூறியது. அவர்கள் சராசரியாக இரவொன்றுக்கு அணிந்தது 3.3 மணித்தியாலமே. பொறி பயனற்றது என்பதா, போதிய அளவு அணியப்படவில்லை என்பதா என்ற விவாதம் அதன்பின் எழுந்தது. குறட்டையும் பகலுறக்கமும் குறைந்து, மனநிலையும் மேம்பட்டமை அதே அறிக்கையில் உள்ளது. செய்தித்தாள்கள் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

இதனிடையே பழகியோர் தொகை இலட்சங்களைத் தாண்டியிருந்தது. ஆரம்ப காலத்து இரைச்சல் அடங்கிப் பொறி மெல்லிய மூச்சுப்போல் இயங்கியது. அந்த அமைதிக்குக் காரணங்களுள் ஒன்று, ஓசையை விழுங்கும்படி உள்ளே வைக்கப்பட்ட நுரைப்பஞ்சு. 2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், இறெஸ்பிறோனிக்ஸை முன்னரே வாங்கியிருந்த பிலிப்ஸ் நிறுவனம், தன் பொறிகள் பலவற்றில் அப்பஞ்சு சிதைந்து, துகளும் வாயுவும் அணிவோரின் மூச்சோடு சேரக்கூடும் என அறிவித்து, இலட்சக்கணக்கான பொறிகளை மீளப் பெறத் தொடங்கியது. மாற்றுப் பொறி கிடைக்கப் பலருக்கு மாதங்கள் சென்றன. சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேலாயிற்று. கவசத்தோடு உறங்கமுடியாது என ஒருகாலத்தில் வைத்தியரிடம் முறையிட்டோருட் பலர், அது இல்லாது உறங்குவது எப்படி எனக் கேட்டு இப்போது அதே வாசல்களில் நின்றனர். பொறியை நிறுத்துவதா, துகளை அஞ்சாது அணிவதா என்பதை வைத்தியரோடு கலந்து தீர்மானிக்குமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அன்றிரவும் அவர்கள் எவ்வாறாயினும் படுக்கைக்குச் செல்லவேண்டியிருந்தது.